குப்பைமேட்டில் கிடைத்த பெயர்

பிள்ளைகளின் பெயரை மாற்றுவதில் எனக்கு ஒரு காலத்தில் கை தேர்ந்த பழக்கம் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடம் தலைமையாசிரியையாக இருந்தேன். ஜூன் மாதம் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எனக்குப் பிடிக்காத பெயர்களை நானே திருத்தி எழுதிவிடுவேன். முனியம்மாள் மேனகா ஆவாள், மண்ணாங்கட்டி மணிவண்ணன் ஆவான். பெற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கிருஷ்ணவேணி டீச்சர் பெயர் வைத்தால் பிள்ளை உத்தியோகத்துக்குப் போகும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று என் வீட்டுக்காரர் காசிநாதன் கேலி செய்வார்.

அந்தத் திமிரை அடக்கியவள் கங்கையம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ரைஸ் மில்லில் நெல் காய வைத்து, புடைத்து, தவிடு சலிக்கிற கூலிக்காரி. என் வாழ்க்கையில் நான் மனதார மரியாதை வைத்திருக்கும் நாலைந்து பேரில் அவள் ஒருத்தி. அவள் காது கேட்க இதை நான் சொன்னதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1969 ஜூன். சேர்க்கைக் கூட்டம் எல்லாம் போன பிறகு கடைசியாக வந்தாள். தலைமுடியெல்லாம் உமித்தூசி. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை, எண்ணெய் வைத்து வாரிய தலை, துவைத்த கவுன். எனக்குப் பசி நேரம்.

"பொண்ணு பேரு?"

"லுத்மிலா."

"என்னது?"

"லுத்மிலா, டீச்சரம்மா" என்றாள் மறுபடியும். தடுமாற்றமே இல்லை. குழந்தையும் கூடவே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டில் 'லட்சுமி' என்று எழுதினேன். தகப்பன் பெயர் சிட்டிபாபு, தொழில் மூட்டை தூக்குவது. மை டப்பியை அவள் பக்கம் தள்ளிக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். அவள் கையை நீட்டவில்லை.

"இன்னா எழுதிக்கிறீங்க, படிங்க."

"லட்சுமின்னு எழுதியிருக்கேன். மகாலட்சுமி. அதைவிட நல்ல பேரு வேணுமா உனக்கு?"

"நல்ல பேருதான். எங்க பக்கத்து வூட்ல கூட ஒரு லட்சுமி கீது. ஆனா இவ பேரு அது இல்லியே."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இது என்ன பாஷை, எந்தச் சாமி பெயர், நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டீர்களா, கட்சிக்காரர்கள் யாராவது வைத்தார்களா என்று அடுக்கினேன். எதற்கும் தெரியாது, இல்லை என்று தலையாட்டினாள். அர்த்தமே தெரியாத பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று கேட்டேன்.

"உங்க பேருக்கு இன்னா அர்த்தம், டீச்சரம்மா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"கிருஷ்ணவேணின்னா ஒரு ஆறு."

"எங்க கீது?"

"ஆந்திராவில."

"நீங்க பாத்துக்கிறீங்களா?"

பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் இவளுக்குப் பேரு வச்சவங்கள பாத்துக்கிறேன். அந்த லட்சுமிய அடிச்சிடுங்க" என்றாள்.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, இன்ஸ்பெக்டர் வந்தால் என் மண்டையை உருட்டுவார் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காது. "விஜயதசமிக்கு இன்னொரு சேர்க்கை இருக்கு. அதுக்குள்ள அந்தப் பேருக்கு அர்த்தம் கண்டுபிடிச்சிக்கிட்டு வா, எழுதறேன். இல்லேன்னா லட்சுமிதான்" என்று சொல்லி அனுப்பினேன். தொலையட்டும் என்றுதான் சொன்னேன். அவள் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று அவள் வாசற்படியில் நின்று ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தாள். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. பிறகு கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி முரண்டு பிடித்தாள் என்பது யாருக்கும் புரியாது.

கங்கையம்மாளுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று நாற்பது நாளில் போயிற்று, ஒன்று ஒன்பதாம் மாதம். 1963 பங்குனியில் மூன்றாவதாகப் பிறந்தவள்தான் இவள். அப்போது அவர்கள் மாகறலில் இருந்தார்கள். பிறந்தது தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பெற்றவள் குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பையில் போட்டுவிடுவாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தி அதைக் கண்டெடுத்த மாதிரி எடுப்பாள். எடுத்தவளே பெயரும் வைப்பாள், அநேகமாகக் குப்பம்மாள் என்றுதான். பிறகு பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்துக் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்வாள். பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் கண்ணில் படாது என்று கணக்கு.

பதினாறாம் நாள், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலையில், உத்திரமேரூர் சாலையோரக் குப்பைமேட்டில் கங்கையம்மாளும் அவள் மாமியாரும் குழந்தையை முறத்தோடு வைத்தார்கள். எடுக்க வேண்டியவள் பக்கத்து வீட்டு அலமு. அந்த நேரம் பார்த்து அலமுவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவள் ஆட்டின் பின்னால் ஓடினாள். கங்கையம்மாள் படித் தவிட்டோடு வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டு நின்றாள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. குப்பைமேட்டைத் தாண்டிப் போய், கிறீச்சென்று நின்றது.

காரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி ஓடி வந்தாள். நெய்வேலியில் அனல் மின்நிலையம் கட்ட வந்த ரஷ்யக்காரர்களில் ஒருவருடைய மனைவி. பங்குனி உத்திரத் திருவிழா பார்த்துவிட்டு, பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறாள். யாரோ பச்சைக் குழந்தையைக் குப்பையில் வீசிவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? குழந்தையை வாரி எடுத்து, கையிலிருந்த பொட்டலத்தைக் கிழித்து, புத்தம் புதுப் பட்டுப்புடவையில் அதைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழர். அவர் ஓடி வருவதற்குள் குழந்தை புடவையை நனைத்துவிட்டது.

"மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு, டீச்சரம்மா. அவ்ளோ பெரிய சரிகை" என்று கங்கையம்மாள் கையை அகட்டிக் காட்டுவாள். "அத்த பத்தி அந்தம்மா நெனைக்கவே இல்ல. புள்ளைய குடுக்க மாட்டேன்னு நிக்குது. எங்க மாமியார போலீஸ்ல புடிச்சிக் குடுப்பேன்னுச்சி."

அந்தத் தமிழர் வழக்கத்தை எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவள் குழந்தையை விட்டாள். ஊர்ப் பெரியவர்களுக்கு அதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. முதலில் எடுத்தவள் யாரோ அவள்தான் தாய், அவள்தான் பெயர் வைக்க வேண்டும். பெயர் கேட்டார்கள். அவள் 'லுத்மிலா' என்றாள். கங்கையம்மாள் தவிட்டுப் படியை நீட்டினாள். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே படியைத் திருப்பித் தள்ளிவிட்டு, குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, நனைந்த புடவையோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

இதுதான் சங்கதி. தவிட்டை வாங்காததால் பிள்ளை விற்கப்படவில்லை. அவள் இன்னும் அந்த அம்மாளுடைய பிள்ளை, கங்கையம்மாள் வளர்க்கிறாள், அவ்வளவுதான். பெயரை மாற்றினால் பிள்ளை திரும்பவும் கங்கையம்மாளுடையதாகிவிடும். அவளுடையது என்று ஆனவை இரண்டும் மண்ணுக்குள் இருக்கின்றன. அவள் என்னிடம் போராடியது பெயருக்காக இல்லை, பிள்ளையின் உயிருக்காக. அது தெரியாமல் நான் மகாலட்சுமியைக் காட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் அர்த்தம் தேடிப் போனாள். மில்லுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அலமுவும் பிழைப்புக்காக இவர்களோடு காஞ்சிபுரத்துக்கே குடிவந்திருந்தாள். வெள்ளிதோறும் பிள்ளையை அவள் வீட்டில் விட்டுவிட்டு அலைந்தாள். முதலில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் லில்லியைக் கேட்டாள். பைபிளில் அப்படி ஒரு பெயர் தான் படித்ததில்லை என்று லில்லி கையை விரித்தாள். பிறகு கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ் படிப்பகம். அங்கே இளங்கோவன் என்று ஒரு துடியான பையன், நெசவாளர் சங்க வேலை பார்ப்பவன். அது ரஷ்யப் பெயர்தான் என்று சொல்லிவிட்டு, அர்த்தம் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, புரட்சி என்று அர்த்தம் என அடித்துவிட்டான். கங்கையம்மாள் நம்பவில்லை.

"அப்பிடி இருக்காதுப்பா. அந்தம்மா புள்ளைய தூக்கிக்கினு அழுதாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இளங்கோவன் பிற்பாடு இதை அவனே சொல்லிச் சிரித்தான்.

இதற்கு அடுத்து அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பெயர் வைத்தவளையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஊரும் தெரியாது, பெயரும் தெரியாது. தெரிந்தது ஒரு புடவையின் நிறமும், பங்குனி உத்திரம் என்கிற நாளும்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பட்டுக் கடைகளில் ஒரு பெரிய நோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பார்கள் என்று மில்லில் யாரோ சொல்லியிருந்தார்கள். கடை கடையாக ஏறினாள். உமித்தூசித் தலையோடு ஒருத்தி பட்டுக்கடைப் படியேறினால் என்ன நடக்கும்? சில கடைகளில் வாசலிலேயே விரட்டினார்கள். ஒரு கடையில் பிச்சை போட்டார்கள். "வாங்கல, டீச்சரம்மா. நான் கேட்டது நோட்டு" என்றாள் என்னிடம்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு கூட்டுறவு சங்கத்துக் கடை. அங்கே விற்பனையில் கண்ணாயிரம் என்று ஒரு பெரியவர். வாடிக்கையாளர் முகம் அவருக்கு மறுநாளே மறந்துவிடும், ஆனால் விற்ற புடவை ஒன்றைக்கூட மறக்க மாட்டார். இவள் வாசலில் நின்றபடியே நிறத்தைச் சொன்னதும் அவர் எழுந்து வந்துவிட்டார்.

"மாம்பழத்துல அரக்கு, கோபுரக் கரை. ஆறு வருஷம் இருக்கும். உள்ள வாம்மா, உக்காரு."

ஜமக்காளத்தில் உட்கார வைத்து, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து அவரே தேடினார். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தேதியில் ரஷ்ய எழுத்தில் ஒரு கையெழுத்து. கீழே ஆங்கிலத்தில் குடும்பப் பெயர் மட்டும், அதோடு நெய்வேலிக் குடியிருப்பு விலாசமும் இருந்தன. கண்ணாயிரம் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் என் எதிரே வந்து நின்றாள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தர வேண்டுமாம். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "பேரு வோணான்னது நீங்கதான? நீங்களே எழுதினா சரியா இருக்கும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். பேனாவை எடுத்தேன்.

அர்த்தத்தைத்தான் முதலில் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"புள்ள நல்லா இருக்குது. பல்லு ரெண்டு விழுந்துச்சி. சோறு நல்லா துண்ணுது. இஸ்கூல்ல பேரு மாத்தணும்ங்கறாங்கோ. மாத்தலாமான்னு கேளுங்க. அவங்க புள்ள, அவங்க சரின்னா சரி. அப்பால அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்னு எழுதச் சொல்லுங்க."

அன்றுதான் நான் முழுக் கதையையும் கேட்டேன். கேட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எமனாவது, தவிடாவது என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

பதில் வரவில்லை. ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலை நான் பிரார்த்தனை மணி அடித்துக்கொண்டிருக்கையில் கங்கையம்மாள் ஓடி வந்தாள். செருப்பு இல்லை, தலை அவிழ்ந்து கிடந்தது. நெசவுக்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலின் கீழே குனிந்து புகுந்து அவள் வந்ததை நான் பார்த்தேன்.

"டீச்சரம்மா, அந்த லட்சுமிய அடிங்க. நீங்க எழுதி வச்சிட்டீங்க. அது அங்கயே கீது. அடிச்சிடுங்கம்மா."

காலில் விழப் போனாள். பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் படித்தவள், டைபாய்டு எதனால் வருகிறது என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து, சிவப்பு மையில் அந்தப் பெயரின் மேல் கோடு போட்டேன். ஒரு கோடு போதாது என்றாள். இன்னும் இரண்டு போட்டேன். அவள் பதிவேட்டை உற்றுப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினாள்.

பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரி மருந்தில்தான் பிழைத்தது, நான் வேறு மாதிரி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காசிநாதன் ஏன் என்று கேட்கவில்லை. பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். கங்கையம்மாள் பிள்ளையைக் கூப்பிடுவதை அங்கேதான் கவனித்தேன். மற்ற கட்டில்களில் தாய்மார்கள் 'எங்கண்ணு', 'எஞ்செல்லம்' என்று அரற்றுவார்கள். இவள் ஒரு தரம்கூட 'என்' என்று சொல்லவில்லை. "அவங்க பொண்ணு, நல்லா பாருங்க டாக்டர்" என்று சொன்னாள். டாக்டர் யாருடைய பெண் என்று என்னைப் பார்த்தார். பெற்ற பாசத்தை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு ஒருத்தி ஆறு வருடம் பிள்ளை வளர்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஜயதசமி வந்தது. இளைத்துப் போன பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் லெட்டரு வரல, டீச்சரம்மா. அர்த்தம் தெரியல. இன்னா பண்றது?"

"அர்த்தம் வரும்போது வரட்டும்" என்று சொல்லிப் பதிவேட்டில் புதிய வரியில் 'லுத்மிலா' என்று எழுதினேன். தகப்பன் பெயர் எழுதலாமா என்று கேட்டேன். "அத்த எழுதிக்கோங்க. அவரு பேருக்கு ஒண்ணும் வராது. எம்பேர மட்டும் தாயின்னு எங்கயும் போடாதீங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் வந்து சிவப்புக் கோடுகளைப் பார்த்து என்னிடம் விளக்கம் கேட்டு எழுதினார். எழுத்துப் பிழை என்று பதில் எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது பொய் தை மாதத்தில் வந்தது.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. அந்த அம்மாள் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டதாம். நெய்வேலியில் இருந்தவர்கள் எங்கள் கடிதத்தை அங்கே அனுப்பி, பதிலை வாங்கி, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மூலக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் மில்லுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வருவதற்குள் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் படித்துவிட்டேன்.

பெயரைப் பற்றி அந்த அம்மாள் அழகாக எழுதியிருந்தாள். தங்கள் நாட்டில் பல பெண் பெயர்கள் மதத்தோடு கிரேக்கத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்தவை, ஆனால் இது தங்கள் ஸ்லாவிய மொழியிலேயே பிறந்த பழைய பெயர் என்று எழுதியிருந்தாள். இரண்டு சொல் சேர்ந்தது. முன்பாதிக்கு மக்கள் என்று பொருள், பின்பாதிக்கு அன்புக்குரியவள். மக்களுக்குப் பிரியமானவள். ரஷ்யாவில் மட்டும் இல்லை, செக் நாட்டில், பல்கேரியாவில், சுற்று வட்டாரம் முழுக்க இந்தப் பெயர் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன் செக் நாட்டில் இதே பெயரில் ஒரு கோமகள் இருந்தாள். வீட்டில் செல்லமாக 'லூதா' என்றோ 'மீலா' என்றோ கூப்பிடுவார்கள். இங்கே சிட்டிபாபுவும் பிள்ளையை மிலா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்கு அடுத்த பத்தியில்தான் சிக்கல் இருந்தது. அவள் எழுதியிருந்தாள்: 'அன்று அவர்கள் என் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சொன்னேன். குழந்தைக்கு அதை வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. மிகவும் மகிழ்ச்சி. ஆனால் நான் அவளைப் பத்து நிமிடம் தூக்கியிருந்தேன், அவ்வளவுதான். குழந்தை அதன் தாயுடையது. தாய்க்கு எந்தப் பெயர் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்.'

நல்ல மனதோடு எழுதியதுதான். நியாயமாகவும் எழுதியிருந்தாள். ஆனால் கங்கையம்மாளுக்கு அது என்ன? பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, தவிடுகூடக் கேட்காமல். இனி அது அவளுடையது. காய்ச்சலில் எழுந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அவள் வந்து உட்கார்ந்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படிங்க" என்றாள்.

அர்த்தத்தைப் படித்தேன். மக்களுக்குப் பிரியமானவள் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல? அது புரட்சி இல்ல" என்றாள். கோமகள், லூதா, மீலா எல்லாம் படித்தேன். அடுத்த பத்திக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"அப்பால இன்னா எழுதிக்கிறாங்கோ? புள்ளைய திருப்பிக் கேக்கறாங்களா?"

இப்படி ஒரு பயமும் அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. தன்னுடையது என்றாலும் போய்விடும், அவர்களுடையது என்றாலும் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று அவள் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன்: "குழந்தை என்னுடையது. அதில் மாற்றம் இல்லை. நான் தூரத்தில் இருப்பதால் கங்கையம்மாளே வளர்க்கட்டும். அவளைப் போல வேறு யாராலும் வளர்க்க முடியாது. பெயரை யாரும் மாற்ற வேண்டாம்."

கங்கையம்மாள் "அப்போ சரி" என்றாள். கடிதத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு மில்லுக்குப் போனாள். அவளைப் போல வேறு யாராலும் வளர்க்க முடியாது என்கிற வரி மட்டும் நான் சொன்ன பொய்யில் சேராது.

அதன் பிறகு ஒன்பது வருடம் அவள் அதே மில்லில்தான் வேலை பார்த்தாள். பிள்ளை என்னிடம் ஐந்தாவது முடித்துவிட்டுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிற்று. பெயரைச் சொல்லி யாராவது சிரித்தால், 'மக்களுக்குப் பிரியமானவள்னு அர்த்தம்' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லும் என்று கேள்விப்பட்டேன். நான் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் பெயரையும் மாற்றவில்லை. என்ன பெயர் சொன்னார்களோ அதையே எழுதினேன், யார் வைத்தது என்று மட்டும் கேட்பேன். பல நல்ல கதைகள் கிடைத்தன.

போன வருடம், 1978 மார்கழியில், லுத்மிலா என் வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு, ரெட்டைப் பின்னல், தாயைப் போலவே நேராகப் பார்க்கிற கண். கையில் அந்தப் பழைய உறை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆங்கிலம் படிக்கிற வயது வந்துவிட்டது அவளுக்கு.

"டீச்சர், அம்மா இத பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்து நீயே படின்னுச்சி. நீங்க படிச்சது வேற, இதுல இருக்கறது வேற."

ஆமாம் என்றேன். ஏன் அப்படிப் படித்தேன் என்று சொன்னேன். குப்பைமேடு, தவிடு, சிவப்பு மை எல்லாம் சொன்னேன். பாதி அவளுக்குத் தெரிந்திருந்தது, பாதி தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா என்ன ஒரு தபாகூட எம்பொண்ணுன்னு சொன்னதில்ல, டீச்சர். சின்ன வயசுல அதுக்கு என்மேல ஆசையே இல்லன்னு நெனச்சிக்கினு அழுவேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கேட்டேன்.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டியா?"

"நேத்தே காட்டிட்டேன். பக்கத்துல உக்காந்துக்கினு வுடாம கேட்டுச்சி."

"என்னன்னு படிச்சே?"

"நீங்க படிச்ச மாதிரியேதான், டீச்சர். அம்மாவுக்கு அது மனப்பாடம், எங்கிட்டயும் அடிக்கடி சொல்லிக் காட்டும். ஒரு வார்த்த மாறினாலும் கண்டுபுடிச்சிடும்."

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வெளிய போயி அலமு அத்தய கூப்ட்டு, அவங்க பொண்ணு இங்கிலீஷு எப்பிடி படிக்குது பாருன்னு சொல்லிக்கினு இருந்துச்சி" என்றாள் லுத்மிலா.